மர வாசனை சென்ட் போட்டவரைப் பார்த்து "இவர் இப்படிப்பட்டவர்" என்று நினைத்தது உண்டா? உங்கள் அனுபவம்

நீலமலர்:

ஆங்க்ர் நுவார் சென்ட் இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் முன்பு வேலை பார்த்த இடத்தில் எங்கள் மேனேஜர் மேடம் தினமும் அதைத்தான் போட்டு வருவார். லாலிக் என்ற பிரெஞ்சு கம்பெனி 2006-ல் ஆண்களுக்கென்று கொண்டுவந்த சென்ட், மைக்கூடு மாதிரி கறுப்புச் சதுரக் குப்பி. அது ஆண்கள் சென்ட் என்பது அவருக்கும் தெரியும், அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவே இல்லை. காலையில் அவர் நடந்து போன வழியை மூக்காலேயே சொல்லிவிடலாம். முதலில் ஈரமான சைப்ரஸ் இலை, கொஞ்ச நேரத்தில் மண்ணோடு பிடுங்கிய வேர், லேசாகப் புகை. இனிப்பு மருந்துக்கும் கிடையாது. ஆளும் அப்படித்தான் என்று டீமில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். சிரிக்க மாட்டார், கேக் வெட்டும்போது ஓரமாக நிற்பார், ரிப்போர்ட்டில் ஒரு கமா இடம் மாறினாலும் திருப்பி அனுப்புவார். "காடு வருது" என்று யாராவது மெல்லச் சொல்வார்கள், எல்லோரும் ஸ்கிரீனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒருநாள் லிஃப்டில் நான், மேடம், ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர். நடுவில் கரண்ட் போய் நின்றுவிட்டது, ஜெனரேட்டரும் வரவில்லை, கும்மிருட்டு. அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. கதவைத் தட்டுகிறார், அழுகிறார். அப்போது அந்த சைப்ரஸ் வாசனை கீழே இறங்குவது எனக்குத் தெரிந்தது. மேடம் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, அக்காவையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "என் கையைப் பிடிச்சுக்கோங்க, நான் எண்ணுறேன், கூடவே எண்ணுங்க" என்றார். இருவரும் இருட்டில் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் வேர் வாசனை மட்டும்தான். அதை முகர முகர எனக்கும் பயம் விட்டுப்போனது. லைட் வந்ததும் எழுந்தார், புடவையைச் சரிசெய்தார், "அந்த ஃபைல் நாலு மணிக்குள்ள வேணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் இன்னும் மனதை அரிக்கிறது. அந்த வாசனை அவரைக் காட்டிக்கொடுத்ததா, இல்லை அந்த வாசனையால்தான் அவர் எங்களுக்கு அப்படித் தெரிந்தாரா? உங்களுக்கு இப்படி யாராவது இருக்கிறார்களா?

வைகைக்கரை:

என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனபோது நடந்தது. கிளம்பும் அவசரத்தில் என் அலமாரியில் இருந்த கெர்லான் கம்பெனியின் வெட்டிவேர் சென்டை எடுத்து அடித்துக்கொண்டு வந்துவிட்டான். 1960-களில் இருந்து ஐரோப்பாவில் கோட்டு சூட்டு போட்ட கனவான்களின் வாசனை என்று பெயர் எடுத்தது அது. அங்கே பெண்ணின் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார், கண் சரியாகத் தெரியாது. இவன் குனிந்து கும்பிட்டதும் இவன் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய், "பானைத் தண்ணி வாசம் வருதே, கோபக்காரப் பையன் இல்ல" என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்ப் பேச்சு நடத்தும் முன்பே பாட்டி ஓட்டுப் போட்டாயிற்று. அவருக்கு வெட்டிவேர் என்றால் கோடையில் மண்பானைக்குள் கிடக்கும் வேர், வாசலில் தண்ணீர் தெளித்துக் கட்டும் தட்டி. குளிர்ச்சி, நிதானம். பாரிஸ்காரர்கள் அதே வேரை வைத்துக் கறாரான ஆம்பளையைக் காட்டுகிறார்கள். நீலமலர் கேள்விக்கு என் பதில் இதுதான், வாசனையில் ஆள் இல்லை, முகர்கிறவரின் வீட்டில்தான் இருக்கிறது.

(தம்பி கோபக்காரன்தான். பாட்டிக்கும் அவனுக்கும் இப்போது நல்ல ஒட்டுதல்.)

அத்தர்பிரியன்:

வைகைக்கரை சொல்வதில் பாதிதான் சரி. முகர்கிறவர் வீடு மட்டும் இல்லை, விற்கிறவர் கடையும் இருக்கிறது. மரம் என்றால் ஆண், பூ என்றால் பெண் என்பதைப் பெரும்பாலும் விளம்பரம்தான் ஊட்டியது. ஷனெல் 1926-லேயே பெண்களுக்கென்று சந்தனத்தை நடுவில் வைத்து புவா தெ ஸீல் கொண்டுவந்தது, எர்னஸ்ட் போ என்ற சென்ட் வல்லுநர் செய்தது. கெர்லானின் சம்சாரா 1989, மைசூர் சந்தனத்துக்காகவே பேசப்பட்டது, அதுவும் பெண்களுக்குத்தான். 1992-ல் ஷிசெய்டோவின் ஃபெமினிதே து புவா, நடுநாயகமாக செடார் மரம். அப்புறம் எப்படி ஆண் வாசனை ஆயிற்று? லாவெண்டர், ரோஸ்மேரி, சேஜ் போன்ற மூலிகை வாசனைகள் சவரச் சோப்பிலும் ஆஃப்டர்ஷேவிலும் பல தலைமுறையாக உட்கார்ந்துவிட்டன. 1882-ல் ஊபிகான் கொண்டுவந்த ஃபூஜேர் ரோயால் தொடங்கி அந்த வரிசை நிற்கவே இல்லை. அந்த மூலிகையை மரத்தோடு சேர்த்தால் "வுடி அரோமாட்டிக்". அதை முகர்ந்தவுடன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கும் ஆண் நம் தலைக்குள் வந்துவிடுகிறான். மேடம் அதைப் போட்டதால்தான் டீம் மிரண்டது. அதே சென்டை ஒரு ஆண் மேனேஜர் போட்டிருந்தால் யாரும் காடு என்று சொல்லியிருக்க மாட்டார்கள், "சார் கிளாஸ்" என்றிருப்பார்கள்.

என் அனுபவம் சின்னது. ஒருமுறை ரயிலில் எதிர் பெர்த்தில் இருந்த கல்லூரிப் பையன் அதே ஆங்க்ர் நுவார். அழுதுகொண்டே இருந்தான், விழுப்புரம் தாண்டும் வரை. நான் ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது ஆங்க்ர் நுவார் வாங்கப் போவதாக இருந்தால் சில விஷயங்கள். கடையில் காகிதப் பட்டையில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள், மர சென்டின் முதல் பத்து நிமிஷம் ஒரு பொருட்டே இல்லை, அடியில் இருப்பது மேலே வரக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். தோலில் போட்டுக்கொண்டு வெளியே போய் வெயிலில் நடந்துவிட்டு வந்து பாருங்கள். மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தேய்க்காதீர்கள். வறண்ட தோல் என்றால் வாசனையில்லாத கிரீம் தடவிவிட்டு அதன்மேல் அடியுங்கள், நிற்கும். நம் ஊர் மே மாத வெயிலில் கழுத்தில் அடித்தால் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி, ஒன்றே ஒன்று, சட்டைக்குள் நெஞ்சில், போதும். வெள்ளைச் சட்டையில் அடிக்காதீர்கள், கறை பிடிக்கும் சென்ட்கள் உண்டு. குப்பியை பாத்ரூமிலோ வண்டி டிக்கியிலோ வைத்தால் சூட்டில் கெட்டுவிடும், அலமாரி இருட்டே சிறந்த இடம். கடையில் காப்பிக்கொட்டையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்கள் முழங்கை மடிப்பையே முகருங்கள், மூக்கு தெளியும். முதலில் சின்ன மாதிரிக் குப்பி வாங்குங்கள், பெரிய குப்பியை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு விற்பவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன்.

நீலமலர்:

அத்தர்பிரியன் அண்ணா, விவரத்துக்கு நன்றி, ஆனால் நான் வாங்க வழி கேட்கவில்லை. அந்தப் பையன் ஏன் அழுதான் என்று நீங்கள் கேட்காமல் இருந்ததற்கு அந்த வாசனையும் ஒரு காரணமா? அதைச் சொல்லுங்கள்.

அத்தர்பிரியன்:

யோசித்துப் பார்த்தேன். ஆமாம். இனிப்பான சென்ட் ஏதாவது போட்டிருந்தால் "என்னப்பா ஆச்சு" என்று கேட்டிருப்பேன். இது கிட்டே வராதே என்றது. அவன் சொன்னானா வாசனை சொன்னதா தெரியவில்லை, நான் அதன்படி நடந்தேன்.

மலையடிவாரம்:

நீங்கள் எல்லோரும் சந்தனம், செடார் என்று பேசுகிறீர்கள், நான் திருப்பத்தூர். அரசு சந்தனக் கிடங்கு எங்கள் ஊரில்தான். ஜவ்வாது மலையில் இருந்து வந்த கட்டைகளை அங்கே செதுக்கி, தரம் பிரித்து, ஏலம் விடுவார்கள். என் அப்பா அங்கே வேலை பார்த்தார். வீட்டுக்குள் வருவதற்கு முன் சட்டையை உதறிவிட்டு வர வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை, ஏனென்றால் அந்தத் தூள் துணியில் ஏறினால் போகாது. சாமி படத்துக்கு முன் உட்கார்ந்தது போல அமைதி வருது, பக்தி வருது என்று சந்தன சென்டைப் பற்றி ஊரெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வாசனை வந்தால் வருவது பயம். சந்தனக் கடத்தல் உச்சத்தில் இருந்த காலம் அது. ஒருநாள் சாயங்காலம் அப்பாவோடு பஸ்ஸில் வருகிறேன், சோதனைச் சாவடியில் நிறுத்தி ஏறியவர் ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து முகர்ந்துகொண்டே வந்தார். எங்கள் சீட்டில் நின்றுவிட்டார். "இறங்குய்யா." அப்பா அடையாள அட்டையைக் காட்டினார், வேலை செய்யும் இடத்தைச் சொன்னார், விட்டுவிட்டார்கள்தான். ஆனால் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அப்பாவைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தது, அப்பா வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியது, அதுதான் எனக்குச் சந்தன வாசனை.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். சந்தன மரம் தனியாக வளராது, பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைச் செருகி உறிஞ்சித்தான் வளரும். நடுவில் இருக்கும் வைரம், அதாவது முற்றிய உள்கட்டை மட்டும்தான் மணக்கும், வெளிக்கட்டையில் ஒன்றும் இருக்காது. வைரம் முற்ற வருடக்கணக்கு ஆகும். இத்தனையும் கண்ணால் பார்த்த எனக்கு "சந்தனம் போட்டவன் சாந்தமானவன்" என்று யாராவது சொன்னால் ஒட்டவில்லை.

அத்தர்பிரியன்:

மலையடிவாரம், உங்கள் அப்பா கதை நெஞ்சைப் பிசைகிறது. ஆனால் ஒரு விஷயம், இன்றைக்கு சந்தனம் என்று பெயர் போட்டு வரும் சென்ட்களில் பெரும்பாலும் உங்கள் மலை மரம் கிடையாது. 2011-ல் வந்த சாந்தால் 33-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஆஸ்திரேலியச் சந்தனம், செடார், ஏலக்காய், தோல் வாசனை. உலகம் முழுக்க ஹோட்டல் லாபிகளில் மணத்ததே, அது. உங்கள் பஸ்ஸில் ஏறியவர் அதை முகர்ந்திருந்தால் தாண்டிப் போயிருப்பார். மரம் அருகிவிட்டது, விலை ஏறிவிட்டது, பெரும்பாலானவர்கள் ஆய்வகத்தில் செய்த ஜாவனால் மாதிரிச் சரக்குக்குப் போய்விட்டார்கள். அசல் வேண்டும் என்றால் மைசூர் அரசு எண்ணெய்தான். 1916-ல் முதல் உலகப்போரால் கட்டையை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற்ற முடியாமல் தேங்கியபோது அங்கேயே எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். அப்படி வந்ததுதான் அந்த எண்ணெய்.

மலையடிவாரம்:

அண்ணா, எனக்கு எண்ணெய் வேண்டாம். அசல் வேண்டாம் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

பனைநிழல் (யாழ்ப்பாணம்):

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ரொறன்ரோவில இருக்கிற தங்கை ஒரு செடார் சென்ட் அனுப்பியிருந்தாள், பேர் கூட ஞாபகம் இல்லை, காய்ந்த மரமும் கொஞ்சம் லாவெண்டரும். எனக்கே அது கொஞ்சம் கடுமையாகத்தான் பட்டது, முகம் இறுகின பள்ளி அதிபர் ஒருவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி. ஆனாலும் தங்கை அனுப்பியது என்று போட்டுக்கொண்டு போனேன். வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள், என்ன கேட்டாலும் தலை குனிந்துவிடுவாள், என் மேசைக்குக் கிட்ட வந்ததே இல்லை. அண்டைக்குக் கொப்பி பார்க்கக் கூப்பிட்டபோது வந்து நின்றவள் என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "மிஸ், உங்களில பென்சில் சீவின மணம்" என்றாள். சிரித்தாள் வேறு. பென்சில் செய்கிறது காலங்காலமாக அந்தச் செடார் வகை மரத்தில்தானே, பிள்ளை சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். அதுக்குப் பிறகு இடைவேளை மணி அடித்தால் பென்சிலும் கட்டரும் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்துவிடுவாள், சீவிச் சீவி சுருள்களை என் பக்கம் ஒதுக்கிவிடுவாள். அவள் இப்ப வேற பள்ளிக்கூடம் போய்விட்டாள். வைகைக்கரை சொன்னதோடு நான் ஒத்துப்போகிறேன்.

தேராவாசி:

துபாய். வுடி அரோமாட்டிக் இல்லை இது, ஊது, நம் அகில். தலைப்புக்கு வெளியே என்றால் மன்னிக்கவும், ஆனால் மர வாசனையும் ஆளும் என்றால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் முதலாளி எமிராத்தி, வயதானவர், தேராவில் வாசனைக் கடைத்தெருப் பக்கம் கிடங்கு. ஆள் வந்தால் தெருவுக்கே தெரியும், அவ்வளவு ஊது. விருந்து முடிந்ததும் தூபக்கலசத்தைச் சுற்றி எடுத்து வருவார்கள் தெரியும்தானே, அது வந்தால் விருந்தாளிகள் கிளம்பலாம் என்று அர்த்தம், ஊதுக்குப் பிறகு உட்கார்தல் இல்லை என்று அரபியில் ஒரு சொலவடையே உண்டு. ஒரு பெருநாளில் பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் கலசத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு நேராக வாசலுக்கு வந்து, முதலில் எங்கள் டிரைவர் பாயின் சட்டைக் கழுத்தைத் தூக்கிப் புகையை உள்ளே விட்டார். அப்புறம் எனக்கு. அப்புறம்தான் உள்ளே இருந்தவர்களுக்கு. பாய் ராமநாதபுரத்துக்காரர், அந்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தார்.

அகில் மரத்துக்கு இயல்பில் அந்த மணம் இல்லை. காயம் பட்டு, பூஞ்சை ஏறி, அதை எதிர்க்க மரம் தனக்குள் பிசின் சுரக்கும், அந்தக் கருத்த பகுதிதான் ஊது. ஆகவே மர வாசனை என்றால் கறார், தனிமை என்று முதல் பதிவில் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். எங்கள் பக்கம் மர வாசனை என்றால் கை தாராளம். கறாரானவர் ஊது போட்டு நான் பார்த்ததே இல்லை.

நீலமலர்:

தேராவாசி அண்ணா, கறார் என்று நான் சொல்லவில்லை, டீம் சொன்னது. லிஃப்ட் பகுதியை இன்னொரு முறை படியுங்கள்.

சிராங்கூன்வாசி:

இங்கே யாரும் மாலிக்யூல் 01 பற்றிப் பேசாதது ஆச்சரியம். கெஸா ஷோன் 2006-ல் கொண்டுவந்தது, குப்பிக்குள் ஐசோ ஈ சூப்பர் என்ற ஒரே ஒரு மர வாசனைச் சரக்கு, வேறு வாசனைப் பொருள் எதுவும் கிடையாது. நான் போட்டால் எனக்கே தெரியாது. அத்தர்பிரியன் தோலில் போட்டு முகர்ந்து பாருங்கள் என்கிறார், என்னைப் போன்ற மூக்குகளுக்கு அது நடக்கிற காரியமில்லை. கொஞ்சம் வரும், போகும், சிலருக்குக் கடைசி வரை வராது. சரி, அது இருக்கட்டும். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டிருந்தேன், நல்ல கூட்டம். பக்கத்தில் இருந்த சீன அம்மா ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பிறகு என் தோளைத் தொட்டு, "நீ மரவேலை செய்யும் வீட்டுப் பெண்ணா" என்று கேட்டார். என் அப்பா காரைக்குடிப் பக்கம் தச்சு வேலை செய்தவர். நான் இங்கே வங்கியில் இருக்கிறேன், யாருக்கும் அது தெரியாது, சொல்லிக்கொள்ளவும் சந்தர்ப்பம் வந்ததில்லை. அந்த அம்மாவின் கணவரும் தச்சராம், புதிதாக இழைத்த பலகை வாசனை என்றார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது, கூட்டத்தோடு இறங்கிவிட்டார். நான் முகர முடியாத ஒன்றை வைத்து என்னை ஒருவர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார் என்பதை என்னவென்று எடுத்துக்கொள்வது? வாசனையில் ஆள் இல்லை என்று வைகைக்கரை சொல்வது அந்த நிமிஷத்துக்குப் பொருந்தவே இல்லை.

வைகைக்கரை:

பொருந்துகிறதே? தச்சர் மனைவி என்பதால்தானே அவருக்குப் பலகை தெரிந்தது. பக்கத்தில் வேறு யாராவது நின்றிருந்தால் ஆஸ்பத்திரி என்றிருப்பார்.

சிராங்கூன்வாசி:

நீங்கள் அங்கே இல்லை. நான் இருந்தேன்.

மணல்மேடு:

கடலூர். எங்கள் வீட்டில் வெட்டிவேர் போடுகிறோம். கடலோர மணல் என்பதால் வேர் நீளமாக இறங்கும், அறுக்காமல் எடுக்கவும் சுலபம். ஏறக்குறைய ஒரு வருடம் மண்ணில் இருக்க வேண்டும், அப்புறம் தூரோடு பிடுங்கி, அடித்து மண் உதிர்த்து, அலசிக் காயவைக்க வேண்டும். அதெல்லாம் அம்மா, சித்தி, தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலை, காலையில் தொடங்கினால் சிரிப்பும் சண்டையும் ஊர்க்கதையும் மோட்டார் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். சென்னையில் ஒரு மாலில் விற்கிற பையன் எனக்கு ஆங்க்ர் நுவார் அடித்துக் காட்டி, "இது தனியா இருக்கிறவங்க சென்ட் சார், இன்ட்ரோவர்ட்" என்றான். மணிக்கட்டைத் தூக்கினேன். சைப்ரஸ் கொஞ்சம் அடங்கினதும் அடியில் வேர் வந்தது. ஹைட்டி வேர், நம்முடையதைவிடச் சுத்தமாக, புகை கம்மியாக இருக்கும், சந்தைக்குப் போகிற எண்ணெயில் பெரும்பங்கு அங்கிருந்துதான். ஆனால் வேர் வேர்தானே. பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசுவது காதில் விழுந்தது, தண்ணீரில் ஊறி வெளுத்த அம்மாவின் விரல்கள் தெரிந்தன. தனியாக இருக்கிற யாரும் அதில் இல்லை. அந்தப் பையனிடம் சொன்னேன், அவன் சிரிக்காமல் கேட்டுக்கொண்டான், "எங்க ஊர் பக்கம் கூட இருக்கா சார் இது" என்றான். விருத்தாசலம் பையனாம்.

அத்தர்பிரியன் விட்ட ஒன்றை நான் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை, ஆனாலும் ஏமாறுகிறார்கள் என்பதால். கடையில் கட்டாகக் கிடக்கும் வேரை வாங்கும்போது ஒரு வேரை எடுத்து ஒடித்து முகருங்கள். நல்ல வேர் ஒடித்த இடத்தில் மணக்கும். மேலாக மட்டும் கமகமவென்று மணந்து ஒடித்தால் ஒன்றும் இல்லை என்றால் அது எண்ணெய் எடுத்த சக்கைமேல் எசென்ஸ் தெளித்தது. பானையில் போடுவதற்கு முன் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், மணல் இருக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம். வாசனை குறைந்துவிட்டால் தூக்கி எறியாதீர்கள், துணி அலமாரியில் வையுங்கள், பட்டுப்புடவைக்கு அதைவிட நல்லது கிடையாது.